ஸ்லீவ் (எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன்) செய்து ஏழு வருஷம்: குறைந்த எடையில் பாதி திரும்ப ஏறிவிட்டது. மறுபடி குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பனியன்_ஊர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 45. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 2018இல் கோவையில் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். அன்றைக்கு எடை 128 கிலோ, உயரம் 171 செ.மீ. சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை, ராத்திரி குறட்டைக்கு மெஷின். ஒன்றரை வருஷத்தில் 82 கிலோவுக்கு வந்தேன். மாத்திரை நின்றது. மெஷின் பரணுக்குப் போனது. மூன்றாவது மாடி வரை மூச்சு வாங்காமல் ஏறினேன்.

கொரோனா முடிந்து வேலை சூடுபிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஆரம்பித்தது. இப்போது 104. மூன்று மாத சராசரி சர்க்கரை 5.7 இருந்தது, போன மாதம் 6.9 வந்திருக்கிறது. குறட்டையும் திரும்பிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். சாப்பிட உட்கார்ந்தால் இன்றைக்கும் நிறைய இறங்குவதில்லை. மட்டன் நாலாவது துண்டிலேயே நெஞ்சில் வந்து நிற்கும். "இவ்வளவுதானா?" என்று மனைவி கேட்கும் அளவுதான். அப்புறம் எப்படி ஏறுகிறது? ஷிப்மென்ட் சமயத்தில் வீடு திரும்ப ராத்திரி பதினொன்று ஆகும். இடையில் டீ, கூடவே பன்னோ வர்க்கியோ.

மிச்சம் இருக்கும் இரைப்பைப் பை விரிந்துவிட்டதா? ஒரு வாரம் வெறும் நீராகாரமாகக் குடித்தால் பை பழையபடி சுருங்கும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். செய்யலாமா? வாரம் ஒரு ஊசி என்கிறார்களே, அதைப் போட்டுக்கொள்ளலாமா, இல்லை இன்னொரு ஆபரேஷனா? பழைய டாக்டரிடம் போக ரொம்பத் தயக்கமாக இருக்கிறது. போய் எந்த முகத்தோடு நிற்பது?


கணக்கு_டீச்சர்_மதுரை எழுதியது:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதே முகத்தோடு போய் நில்லுங்கள். எடை திரும்ப ஏறிய நோயாளியைப் பார்க்காத பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு) சர்ஜன் யாரும் கிடையாது. சர்க்கரை கூடினால் டாக்டரிடம் ஓடுகிறோம், கண்ணாடி பவர் மாறினால் போகிறோம். எடை ஏறினால் மட்டும் ஏன் ஒளிய வேண்டும்? எனக்கு இந்த ஒரு விஷயத்தில் கோபமே வரும். கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்திருக்கும்போது "ஆபரேஷன் பண்ணியுமா இப்படி?" என்று ஒருத்தர் கேட்டுவிடுகிறார். அதைக் கேட்டவர்கள் அப்புறம் ரிவ்யூவுக்கே போவதில்லை. ரத்தப் பரிசோதனை நிற்கிறது, வைட்டமின் நிற்கிறது.

என் கதை: 2014இல் ஸ்லீவ். 112இலிருந்து 69. அப்புறம் படிப்படியாக 91 வரை ஏறியது. இப்போது 76. இந்தப் பதினைந்து கிலோ இறங்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. முதல் தடவை மாதிரி மாதம் ஆறு கிலோ, ஏழு கிலோ என்று கொட்டாது. மாதம் ஒரு கிலோ இறங்கினாலே நல்ல வேகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வீடனில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் பைபாஸ் (இதயத்தில் செய்வது இல்லை, எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன்) செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் சராசரியாக 32 சதவீதம் எடை குறைந்தார்கள். பத்தாவது வருஷம் அது 25 சதவீதத்தில் நின்றது. அந்தக் காலத்தில் ஸ்லீவ் கிடையாது, அதனால் உங்கள் எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் அடி வரை இறங்கிய பிறகு கொஞ்சம் ஏறுவது உடம்பின் இயல்பு என்பதற்கு அது போதும். நீங்கள் இன்றைக்கும் 128க்கு 24 கிலோ கீழே இருக்கிறீர்கள், கிட்டத்தட்ட 19 சதவீதம். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று சொல்லாதீர்கள். ஆனால் இறங்கிய 46இல் 22 திரும்பியிருக்கிறது, சர்க்கரையும் கூடியிருக்கிறது. அதனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

எதையும் சாப்பாட்டில் மாற்றுவதற்கு முன்னால் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். எண்டோஸ்கோபி, தேவைப்பட்டால் பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரே. பை விரிந்திருக்கிறதா, அமிலம் மேலே ஏறிப் புண்ணாக்கியிருக்கிறதா, எல்லாம் அதில் தெரியும். ரத்தத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), பி12, வைட்டமின் டி. சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மன அழுத்தத்துக்கான சில மருந்துகள், ஸ்டீராய்டு, இன்சுலின் எல்லாம் எடையை ஏற்றக்கூடியவை. எனக்குப் பை நன்றாகவே இருந்தது. ஹீமோகுளோபின் 9, தைராய்டும் சரியில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சோபாவை விட்டு எழ முடியாமல் கிடந்ததற்குக் காரணம் அதுதான். இரும்பை நரம்பு வழியாக ஏற்றி, தைராய்டு மாத்திரையும் சரியான அளவுக்கு வந்த பிறகுதான் என்னால் நடக்கவே முடிந்தது. அதற்கு முன்னால் யாராவது "தினம் நட" என்று சொன்னபோதெல்லாம் அழுகைதான் வந்தது.

இப்போது உங்கள் 'எப்படி ஏறுகிறது' கேள்விக்கு வருகிறேன். பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. மட்டன் நாலு துண்டில் நிற்கிறது, வர்க்கி நிற்பதில்லை.

ஸ்லீவில் மிச்சம் இருப்பது ஒரு குறுகலான குழாய். கெட்டியான மட்டன், கோழி, மீன், முட்டை அதில் தங்கும், வயிறு நிறைந்த உணர்வு தரும். டீயில் நனைந்த பன், குழையப் பிசைந்த தயிர்சாதம், பாயசம், ஐஸ்கிரீம் தங்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஸ்லீவ் ஏற்கெனவே சாதாரண இரைப்பையை விட வேகமாகக் காலியாகும். முறுக்கு, மிக்சர் கூட வாயிலேயே பொடிந்து டீயோடு கூழாகி இறங்கும். ஒரு கோழித் தொடையை முழுசாகச் சாப்பிட முடியாதவரால் ஒரு பாக்கெட் மிக்சரை சாயங்காலம் முழுக்கக் கொறிக்க முடியும். எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேப்பர் திருத்தும் நாட்களில் மேசை மேல் எப்போதும் ரஸ்க் டப்பா இருக்கும். ரஸ்க்கை டீயில் முக்கினால் இரண்டு வினாடியில் ஊறிவிடும், மெல்லவே வேண்டாம். ஒரு கட்டு பேப்பர் முடிவதற்குள் ஆறு ரஸ்க், இரண்டு டீ போயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டை விட அதில்தான் மாவும் சர்க்கரையும் அதிகம். தட்டில் இருப்பதை மட்டும் பார்த்து "குறைவாகத்தானே சாப்பிடுகிறோம்" என்று நாம் நினைக்கிறோம்.

இன்னொன்று, பசி. வெட்டி எடுத்த மேல்பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கும். முதல் வருஷம் பசியே தெரியாமல் இருந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். வருஷங்கள் போகப் போகப் பலருக்குப் பசி திரும்புகிறது. உடம்பு மெலிந்ததால் அது செலவழிக்கும் சக்தியும் குறைந்திருக்கும். இவை இரண்டும் உங்கள் மன உறுதியைச் சேர்ந்த சமாச்சாரம் இல்லை.

நான் மாற்றியது என்ன? முதலில் புரதம், அடுத்து காய், கடைசியில் இடம் இருந்தால் சோறு. சோற்றை விடவில்லை. வரிசையைத்தான் மாற்றினேன். பொதுவாக நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் சொல்வார்கள். கூட்டிப் பாருங்கள். ஒரு இட்லியில் இரண்டு கிராம்தான் இருக்கிறது. மூன்று இட்லி, சட்னி சேர்த்தால் ஏழு வரும், அதோடு பை நிறைந்துவிடும். முட்டையில் ஆறு. காலையில் இரண்டு முட்டை, பாதி தோசை. பதினொரு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், எட்டு கிராம். மத்தியானம் நூறு கிராம் மீன், இருபது. நாலு மணிக்குப் பனீர் ஐம்பது கிராம், ஒன்பது. ராத்திரி ஐம்பது கிராம் கோழி, பதிமூன்று. இதுவே 62. மீன் இல்லாத நாளில் சோயாவோ பயறோ கூடும்.

சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். டீயை விடவில்லை, சர்க்கரையையும் கூட வைத்துக் கடிப்பதையும் விட்டேன். முதல் பத்து நாள் மிகவும் கஷ்டமாக இருந்தது.

நடை மட்டும் போதாது. முதல் தடவை வேகமாக மெலிந்தபோது தசையும் போயிருக்கும். ரப்பர் பேண்ட், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, இவற்றில் ஆரம்பித்தேன். 52 வயதில் இப்போது டம்பெல் தூக்குகிறேன், அதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.


திருச்சி_டயட்டீஷியன் எழுதியது:

டீச்சர் சொன்னதில் மாற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நீராகாரக் கேள்விக்கு மட்டும் பதில் தருகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

நீராகாரம் குடித்தால் பை சுருங்காது. ஒரு வாரத்தில் மூன்று நாலு கிலோ இறங்கும், அதில் பெரும்பகுதி தண்ணீர். சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பியதும் அது ஏறிவிடும். ஏழு வருஷம் ஆனவர்களில் பலருக்கு பி12, இரும்பு போன்றவை ஏற்கெனவே குறைந்திருக்கும், பி1 கூடக் குறைந்திருக்கலாம். அந்த நிலையில் பட்டினி கிடந்து வாந்தியும் சேர்ந்தால் பி1 தீர்ந்துபோய் நரம்பையும் மூளையையும் பாதிக்கும். ஆபரேஷன் ஆனவர்கள் யாராக இருந்தாலும் இரண்டு மூன்று நாள் விடாமல் வாந்தி என்றால் வீட்டில் இருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால், ஆபரேஷன் ஆனதைச் சொல்லி தயமின் (அதாவது பி1) கேளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுத்துக்கொண்டு கீட்டோ டயட்டோ (மாவுச்சத்தை அடியோடு குறைப்பது) பட்டினியோ இருக்காதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே அமிலம் கூடி ஐசியூ வரை கொண்டுபோகும். மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரையாலும் பி12 குறையும்.


ஓஎம்ஆர்_ரவி எழுதியது:

அண்ணா, ஊசி பற்றி நான் சொல்கிறேன். 2016இல் பைபாஸ், 141இலிருந்து 88, அப்புறம் 112. டிர்செபடைட், அதாவது மௌன்ஜாரோ, 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. என் டாக்டர் எல்லாப் பரிசோதனையும் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். 2.5 மில்லிகிராமில் நாலு வாரம், அப்புறம் 5. வந்த புதிதில் 2.5 குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 குப்பி 4,375. மாதம் நாலு குப்பி வேண்டும். இப்போது என்ன விலை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான் இப்போது 97. எப்போதும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் சாப்பாட்டு நினைப்பு நின்றது, எனக்கு அதுதான் பெரிய விஷயம். ராத்திரி பிரிட்ஜ் முன்னால் போய் நிற்பதில்லை. கஷ்டங்களும் உண்டு. மலச்சிக்கல் மோசம். டோஸ் கூட்டிய வாரம் குமட்டல். ஏற்கெனவே சின்னப் பை, அதில் பசியும் போனதால் புரதம் 30 கிராமுக்கு இறங்கிவிட்டது. முடி கொட்டியது, கைப்பிடி பலம் போனது. அதனால் இப்போது பசி இல்லாவிட்டாலும் மணி பார்த்துச் சாப்பிடுகிறேன்.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்த வகை மருந்து வேலை செய்யுமா என்று டாக்டரைக் கேட்டேன். 2023இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றைச் சொன்னார். பைபாஸோ ஸ்லீவோ செய்தும் சரியாக மெலியாத 70 பேரில் ஒரு பாதிக்குத் தினம் போடும் லிராகுளூடைட், மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. 24 வாரத்தில் மருந்துக்காரர்கள் சுமார் 8.8 சதவீதம் குறைந்தார்கள், மற்றவர்கள் அரை சதவீதம். அது பழைய மருந்து, புதியவை இன்னும் பலமானவை.

கணையத்தில் வீக்கம் வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிறுத்தினால் எடை திரும்பும், அதையும் மனதில் வைத்துச் செலவைக் கணக்குப் போடுங்கள். தயவுசெய்து சீட்டு இல்லாமல் யாரிடமும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.


நெல்லை_மீனாட்சி எழுதியது:

நான் ஸ்லீவிலிருந்து பைபாஸுக்கு மாறியவள். எடைக்காக மட்டும் மாறவில்லை. படுத்தால் அமிலம் தொண்டை வரை வரும், இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடிதான் தூங்குவேன். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது. மாறிய பிறகு அந்த எரிச்சல் போயே போய்விட்டது. எடை பதினோரு கிலோதான் குறைந்தது. முதல் ஆபரேஷன் மாதிரி எதிர்பார்க்காதீர்கள் என்று சர்ஜன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இரண்டாவது ஆபரேஷனில் ஆபத்தும் கொஞ்சம் கூடுதல். வலி மாத்திரைகளில் புரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை இனிமேல் எனக்கு ஆகாது, புண் வரும். எடை ஒன்றுதான் பிரச்சினை என்றால், மற்றதையெல்லாம் பார்த்த பிறகு கடைசியாக யோசிக்கலாம்.

இன்ஷூரன்ஸ் பற்றி: ஐஆர்டிஏஐ (இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி எடைக்கான ஆபரேஷனுக்குப் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40, அல்லது கடுமையான துணை நோயோடு 35 இருக்க வேண்டும். உங்கள் கணக்குக்கு 35.6 வருகிறது. சர்க்கரை, குறட்டை நோய் எல்லாவற்றையும் பழைய ரிப்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். மறு ஆபரேஷனுக்குத் தருவார்களா என்பதை உங்கள் பாலிசியில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.


பனியன்_ஊர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய டாக்டரிடமே போனேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஏன் இவ்வளவு நாள் கழித்து வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

எண்டோஸ்கோபியில் பை மேல் பக்கம் லேசாக அகலமாகியிருக்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். கொஞ்சம் அமிலப் புண் இருக்கிறது, அதற்கு மாத்திரை. பி12 ரொம்பக் குறைவு, ஊசி போடுகிறார்கள். ஃபெரிட்டினும் குறைவு. மெட்ஃபார்மின் திரும்ப ஆரம்பித்தாயிற்று. தூக்கப் பரிசோதனை எடுக்க வேண்டும். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மூன்று மாதம் சாப்பாட்டைச் சரி செய்யுங்கள், அப்புறம் வாராந்திர ஊசியைப் பற்றிப் பேசலாம் என்றார்.

என் சிக்கல் ஷிப்மென்ட் ராத்திரிதான். ஏழரைக்கு ஒரு டீ, ஒன்பதரைக்கு ஒரு டீ, கூடவே பெட்டி பெட்டியாகப் பன் வரும். எல்லோரும் சாப்பிடும்போது நான் மட்டும் சும்மா நிற்க முடியாது. கூட என்ன எடுத்துப் போவது? கேன்டீனில் அடுப்பு கிடையாது.


கணக்கு_டீச்சர்_மதுரை எழுதியது:

போய்ப் பார்த்ததைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், தம்பி.

சும்மா நிற்க வேண்டாம், அவர்கள் சாப்பிடும்போது நீங்களும் சாப்பிடுங்கள். ஏழரைக்குத்தான் உங்கள் ராத்திரிச் சாப்பாடு. வீட்டுக்குப் போய்ப் பதினொரு மணிக்குச் சாப்பிட்டு உடனே படுத்தால் அந்த அமிலப் புண்ணும் ஆறாது. ஒரு டப்பாவில் கோழி வறுவல், எண்ணெய் குறைவாக, நார் நாராகப் பிய்த்தது, ஆறினாலும் சாப்பிடலாம். இல்லாவிட்டால் இரண்டு அவித்த முட்டை, மிளகு உப்போடு. இன்னொரு சின்ன டப்பாவில் கேரட், பீன்ஸ் பொரியல். ஒன்பதரைக்கு டீயைச் சர்க்கரை இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள், கையில் பன்னுக்குப் பதில் வறுத்த கடலையோ சுண்டலோ இருக்கட்டும். சுண்டலைச் சாயங்காலம் தாளித்தால்தான் ராத்திரி வரை கெடாமல் இருக்கும், தேங்காய் போட வேண்டாம்.

முதல் வாரம் பக்கத்தில் இருப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள், போதும்.


திருச்சி_டயட்டீஷியன் எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஃபெரிட்டின் குறைவு என்றால் இரும்பு மாத்திரை தருவார்கள். அதையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீ குடித்த உடனேயும் இரும்பு வேண்டாம். உங்கள் வேலை நேரத்துக்கு, காலையில் எழுந்ததும் இரும்பு, முடிந்தால் எலுமிச்சைத் தண்ணீரோடு. கால்சியம் சிட்ரேட் மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும். அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது பி12, ஃபெரிட்டின் இரண்டையும் மறுபடி எடுத்துக்கொண்டு போங்கள்.